ஏழு தட்டு, ஒரு துடுப்பு

எவர்சில்வர் தட்டு ஏழு. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் கீறிய ஓர் அடையாளம் இருக்கும். ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் மீன், இன்னொன்றில் வெறும் இரண்டு கோடு. அந்த அடையாளம் இல்லையென்றால் காலையில் ஒரு பஞ்சாயத்து, ராத்திரி ஒரு பஞ்சாயத்து. "என் தட்டுல அவ ஏன் தின்னா?" என்று நாலு வயதுக்காரன் ஆரம்பித்தால், தீர்ப்பு வருவதற்குள் களி ஆறிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம், சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த வீடு. பெயர்கள் வேண்டாம். ஆயா, தாத்தா, அவர்களின் பொறுப்பில் ஏழு பிள்ளைகள். மகனுக்கு நான்கு பெண்கள், ஐந்தாவதாக ஒரு பையன். மகளுக்கு ஒரு பெண், ஒரு பையன். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. மகள் கணவரை இழந்தவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பெண்கள் விடுதியில் தங்கல்.

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பேருந்துகள் செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று இந்தச் சாலையில்தான் போகின்றன. இந்த வீட்டின் நாள்காட்டியே அந்தப் பேருந்துதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பா அம்மா வருவார்கள். அந்த நாள் பௌர்ணமியோடு சேர்ந்துவிட்டால் போச்சு, கிரிவலக் கூட்டத்தில் பெங்களூரிலிருந்து நின்றுகொண்டே வர வேண்டும். வந்து இறங்கியதும் அம்மா கால் நீட்டி உட்காருவார். ஆளுக்கொரு விரலாகப் பிடித்து அழுத்தப் பிள்ளைகள் போட்டி போடும்.

பிள்ளைகளையும் கூடவே கொண்டுபோனால் என்ன? போனார்கள், ஒரு வருடம். தகரக் கொட்டகை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம், அடுத்த ஏரியா. பள்ளிக்கூடம் கூடவே நகருமா? பெரியவள் ஒன்றாம் வகுப்பில் பாதியைக் கன்னடத்தில் படித்துவிட்டு, திரும்பி வந்து தமிழில் 'அ' போட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஊரில், பெற்றவர்கள் வேலையில் என்று முடிவானது.

காலை நாலரைக்கு ஆயா எழுவார். அவருக்கு முன்னால் எழுந்துவிடுபவள் பெரியவள். போன வருடம் அவள் பிளஸ் டூ. வாசலில் விறகடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பாள். உள்ளே உலையில் கொஞ்சம் அரிசியைப் போட்டு, அது வெந்து குழைந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பைப் பிடிப்பாள். களி கிளறுவதைப் பார்த்தால் சுலபம். ஏழு பேருக்கும் பெரியவர்களுக்குமாகக் கிளறினால்தான் தோள்பட்டைக்குத் தெரியும். ஆயாவுக்கு அறுபத்தைந்து வயது. இரண்டு வருடமாக வலது கை மேலே தூக்க வராது. அதனால் துடுப்பு பேத்தியின் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் ஆயா முடியாமல் கீழே வைத்தார், அவள் எடுத்தாள்.

ஐந்தரைக்குத் தலைவாரும் ரயில் கிளம்பும். ஐந்து பெண் பிள்ளைகளும் திண்ணையில் ஒருவர் பின்னால் ஒருவர். பெரியவள் இரண்டாமவளுக்குப் பின்ன, இரண்டாமவள் மூன்றாமவளுக்கு, அவள் நான்காமவளுக்கு, அவள் அத்தை மகளுக்கு. ரெட்டை ஜடை, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும். கடைசியில் இருக்கும் எட்டு வயதுக்காரிக்குப் பின்ன யாரும் இல்லாததால், அவள் பூனையைப் பிடித்து வைத்துக்கொள்வாள். ஒரு தலையில் பேன் வந்தால் ஐந்திலும் வந்ததாகக் கணக்கு. ரயிலின் எஞ்சினுக்கு யார் பின்னுவது? பெரியவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே தானே பின்னிக்கொள்வாள்.

பெரிய குடும்பம் என்றதும் ஒரு கலகலப்பான சினிமாக் காட்சி மனதில் வரும். இந்த வீட்டில் கலகலப்புக்குக் குறைவில்லைதான். ஒரு ஐஸ்க்ரீமை ஏழாக்கும் வித்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் வருடத்துக்கு ஏழு முறை. கேக் இல்லை, ஆனால் பிறந்தநாள்காரருக்கு அன்றைக்கு எந்த வேலையும் இல்லை, இரண்டு முட்டை உண்டு. பேய்க் கதை சொல்ல ஆள் உண்டு, பயந்தால் இடுக்கிக்கொண்டு படுக்கவும் ஆள் உண்டு. ஒருவனை வெளியே யாராவது அடித்தால் மறுநாள் ஆறு பேர் போய் நிற்பார்கள். ஒற்றைப் பிள்ளையாக வளரும் வீடுகளில் விலை கொடுத்தாலும் கிடைக்காதவை இவை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

ரேஷன் கார்டில் ஒன்பது பேர். மகனின் குடும்பம் ஏழு, பெரியவர்கள் இரண்டு. மகளின் பிள்ளைகள் பெயர் அவர்களின் அப்பா ஊர் கார்டில். அரிசி தலைக்கு 5 கிலோ, ஆக 45 கிலோ, இலவசம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துவரம்பருப்பு கார்டுக்கு 1 கிலோ, பாமாயில் கார்டுக்கு 1 லிட்டர். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், அவர்களுக்கும் அதே 1 கிலோ, அதே 1 லிட்டர். அரிசியைத் தலையை எண்ணிக் கொடுக்கும் தராசு, பருப்புக்கு வரும்போது கதவை எண்ணுகிறது. அதனால் இந்த வீட்டில் சாம்பார் மாதத்தின் முதல் பத்து நாள் விருந்தாளி. பிறகு கொள்ளு, கீரைக் கடைசல், ஞாயிற்றுக்கிழமை கருவாடு.

யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான்கு பேர் குடும்பம்தான் வழக்கம் என்று ஊர் உலகம் மாறி வெகுநாளாகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள், இந்தியாவுக்கு 2.0. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர்கள் சொன்ன வேலையைத் தமிழ்நாடு எப்போதோ முடித்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. ஆண் பிள்ளை இருக்கக் கூடாது, குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது பெண் பிறந்தபோது செவிலியர் இதை விவரமாகவே சொன்னார். மருமகள் சரி என்றார். ஆயாதான் குறுக்கே நின்றார். "ஒரு பையன் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அந்த ஒரு பையன் வருவதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். இன்றைக்கு அதைப் பற்றிக் கேட்டால் ஆயா மறைப்பதில்லை. "நான்தான் கேட்டேன். என் வாய்தான் கேட்டுச்சு. இப்ப என் கையி ஒழைக்க மாட்டேங்குது" என்பார். பிறகு நான்காமவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார். வீட்டில் அவருக்குச் செல்லம் அந்தப் பையன் இல்லை, இவள்தான்.

இந்த வட்டாரத்தின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு அந்த மடியின் பொருள் புரியும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. 2001-ல் தர்மபுரிக்கும் நீட்டித்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரியோடு இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. பெண் சிசுவைக் காப்பாற்ற அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்த மண் இது. இந்த வீட்டில் நான்கு பெண்களும் பிறந்தார்கள், நான்கு பேருக்கும் காது குத்தினார்கள், நான்கு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது சின்ன விஷயமில்லை.

பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் இல்லை என்றே சொல்லலாம். 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மூன்று பேர் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். களிப் பானையில் மூன்று பங்கு குறைந்தது. மதியம் சத்துணவு, முட்டை. நாலு வயதுக்காரனுக்கு அங்கன்வாடி. சீருடை, புத்தகம், பை, செருப்பு என்று சின்னவர்கள் பாடு கவலையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு. ஆக, வீட்டில் எல்லோருக்கும் சமைத்துவிட்டுப் போகிற ஒருத்திதான் மதியச் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு போக வேண்டியவள். பாதி நாள் அவள் கட்டிக்கொண்டு போனதில்லை. மதியம் பசித்தால் தண்ணீர் குடித்துக்கொள்வாள். இது வீட்டுக்குத் தெரியவந்தது பள்ளியில் ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகுதான். மறுநாளிலிருந்து மூன்றாமவள் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள்: அக்காவின் பைக்குள் டப்பா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. இருந்தாலும் கையில் தூக்கிப் பார்ப்பாள், காலி டப்பாவாக இருந்துவிட்டால்?

பிளஸ் ஒன்னில் கிடைத்த அரசு சைக்கிள் அவளுடையது என்று பெயர்தான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, ஹேண்டிலில் நான்கு பை. அதன் செயின் எத்தனை முறை அறுந்தது என்பதற்குத் தாத்தாவிடம் கணக்கு உண்டு.

2024 டிசம்பர் 1 ராத்திரியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, இங்கே வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பேருந்து நிலையம் பக்கம் நின்றிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே செல்போனில் பார்த்தது. பெற்றவர்கள் பெங்களூரில். கரண்ட் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தபோது, பெரியவள் எல்லோரையும் எழுப்பி, இருட்டில் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறு. ஆயா கத்த ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது தடவைதான் தெரிந்தது, நாலு வயதுக்காரன் அவள் இடுப்பிலேயே இருந்தான்.

அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். விடியும் வரை எட்டு பேரும் தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா மட்டும் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். கட்டில் முறிந்தது ஆறு மணிக்கு. மழை விட்ட பிறகு.

அந்த டிசம்பருக்கு இரண்டு மாதம் முன்பு, சென்னையில் ஒரு கூட்டுத் திருமண விழாவில், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளை பெறலாமே என்று நினைக்கத் தோன்றுகிறது என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேசியிருந்தார். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் பிள்ளைகள் அதிகம் வேண்டும் என்றார். இளையவர்கள் குறைகிறார்கள், முதியவர்கள் கூடுகிறார்கள் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பெறுவதைப் பற்றிப் பேசும் மேடைகளில் வளர்ப்பது யார் என்ற பேச்சு வருவதே இல்லை. இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை பதினேழு வயதில் ரெட்டை ஜடையோடு இருந்தது.

பிப்ரவரியில் புளி வந்துவிடும். இந்தப் பக்கத்தில் அது வீட்டு வேலை. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்குக் கூலி. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. ஒரு பக்கம் 'டொக் டொக்' என்று ஆறு பேர் புளி தட்ட, நடுவில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒருத்தி கணக்குப்பதிவியல் படித்தாள். அவள் புத்தகத்தில் இன்னும் புளி வாசம் வரும்.

அதற்கும் முந்தின வருடம் ஒரு பேச்சு வந்தது. செங்கம் பக்கத்து உறவு, மாப்பிள்ளைக்குச் சொந்த டிராக்டர். அவளுக்கு அப்போது பதினாறு. "ஏழுல ஒன்னு கரையேறுனா பாரம் கொறையும்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு முடியும் முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது என்கிறது அதே ஆய்வு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, 1098-க்கு அழைத்தால் அதிகாரிகள் வருவார்கள். ஆனாலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து இப்படிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆயாவுக்கு 1975-ல் கல்யாணம், வயது பதினைந்து. அன்றைய சட்டத்துக்கு அது சரி. பெண்ணுக்குப் பதினெட்டு என்று மாற்றியது 1978-ல். மருமகளுக்குப் பதினேழு, அது தப்பு. வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு மருமகள் ஒரே வார்த்தை சொன்னார்: "எங்க ரெண்டு பேரோட போவட்டுங்க." ஆயா அன்றைக்குக் குறுக்கே எதுவும் பேசவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. 600-க்கு 471. தெருவே வந்து போனது. கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம். இடமும் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தினமும் போய்வரும் தூரமில்லை. அரசு மாணவியர் விடுதிக்கும் விண்ணப்பித்தாயிற்று. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பாக்கி ஆறு பேருக்கு யார்?

அவளே ஒரு வழி சொன்னாள். "ஒரு வருசம் நான் வீட்டுல இருக்குறேன். தங்கச்சி பத்தாவது முடிக்கட்டும். அப்புறம் சேந்துக்கறேன்." யாரும் உடனே மறுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பேச்சு வீட்டுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மா சீசன். பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லாத வருடம். தாத்தா காவல் பார்த்த தோப்பில் பழம் மரத்தடியிலேயே கிடந்தது. காசும் இல்லை. கல்லூரிக்கு ஒரு வருடம் விட்டவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். ஏழு பேருக்கு ஏழு முறை, ஆளுக்கு இரண்டு நிமிடம், சின்னவன் முதலில். அன்றைக்கு அம்மா வரிசையை மாற்றினார். "பெரியவகிட்ட குடுங்க போன" என்றார். கொட்டகையில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"நீ எத்தன மணிக்கு எந்திரிக்கிற?"

"நாலேகாலுக்கும்மா."

"எத்தன வருசமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. பிறகு அப்பாவின் குரல், "அவ வந்துடுவா. நான் மட்டும் இங்க இருந்துக்கறேன்."

இரண்டு கூலியில் ஒரு கூலி போகிறது. அது லேசான முடிவல்ல. சீட்டுப் பணம் பாக்கி இருக்கிறது, கட்டில் இன்னும் கயிறு கட்டித்தான் நிற்கிறது. மருமகள் வந்த அன்றே ஒரு சட்டம் போட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. மற்றவர்களுக்கு முறை வைத்து வேலை. தண்ணீர் எடுப்பதும் தட்டு கழுவுவதும் ஆறு வயதுப் பையனுக்கும் உண்டு. "ஆம்பளப் புள்ளயப் போயி" என்று ஆரம்பித்த தாத்தாவிடம் ஒரு குடத்தைக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் பெரியவள் போனாள். ஒரு பெட்டி, ஒரு பாய். பேருந்து ஏற்றிவிட வீடே போனது, கண்டக்டர், "எல்லாரும் ஏறுறீங்களா?" என்று கேட்டார். தட்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இரண்டாமவள் சொல்ல, மீன் போட்ட தட்டு பெட்டிக்குள் போனது.

அன்றைக்கு ராத்திரி விடுதியிலிருந்து போன் செய்தாள். சாப்பாடு பரவாயில்லை என்றாள். ரூமில் நான்கு பேர் என்றாள். தம்பிக்குத் தலை துவட்டினீர்களா, ஆட்டைக் கட்டினீர்களா என்று வரிசையாக விசாரித்தாள். பிறகு ஆயாவைக் கேட்டு வாங்கி, மெதுவாகச் சொன்னாள்:

"தூக்கம் வரல ஆயா. இந்தப் பக்கம் பெரண்டாலும் யாரும் இல்ல, அந்தப் பக்கம் பெரண்டாலும் யாரும் இல்ல."

"காலைல நாலேகாலுக்கு முழிப்பு வரும்," என்றார் ஆயா. "எந்திரிக்காத. படுத்துக் கெட."